எங்கள் அலுமினியமும் அவர்கள் செம்பும்

அலுமினியச் சட்டியில் வைத்த மீன்குழம்பை மறுநாள் காலையில் சுடவைத்துச் சாப்பிட்டால் நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு தட்டும். புளி சட்டியைத் தின்றதா, சட்டி புளியைத் தின்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த ருசியோடுதான் நான் வளர்ந்தேன். எங்கள் வீட்டுச் சட்டிகளின் உள்பக்கமெல்லாம் அம்மைத் தழும்பு போலப் பொடிப்பொடியாகக் குழிந்திருக்கும், எத்தனை தேய்த்தாலும் சாம்பல் நிறம் போகாது, கைதவறி விழுந்தால் ஒரு பக்கம் நசுங்கிக்கொள்ளும். இரண்டு வீடு தள்ளியிருந்த பெரியப்பா வீட்டிலோ குடம் செம்பு, தவலை செம்பு, வெந்நீர் அண்டா செம்பு. சனிக்கிழமை காலையில் பெரியம்மா அவற்றைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்து வாசலில் கவிழ்த்து வைப்பார். வெயில் ஏறியதும் அந்த வாசலே சிவந்து தெரியும். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

பொறாமைதான். வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு வைக்க நான் தயாராக இல்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. பெரியப்பா மகள் ரோஸ்லினுக்கும் அதே வயது, என்னைவிட நாற்பது நாள் மூத்தவள். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. முதன்முதலாக நற்கருணை வாங்கும் புது நன்மைக்கு இருவருக்கும் ஒரே துணியில் கவுன் தைத்தார்கள், அவளுக்குத்தான் அது பொருந்தியது. பாட்டு அவளுக்கு வரும், கணக்கு அவளுக்கு வரும், முடி அவளுக்கு இடுப்பைத் தொடும். இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் பெயரை ஒரு லாஞ்சில் எழுதியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. முத்துச்சலாபம் என்ற முத்துக்குளிப்பு நின்று வருஷங்கள் ஓடியிருந்தன. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் தெருவில் பாய்மர வள்ளத்தை விட்டுவிட்டு எஞ்சின் வைத்த மரப்படகுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படகைத்தான் எல்லோரும் 'லாஞ்சு' என்பார்கள். பெரியப்பாவும் அப்பாவும் ஒரே சமயத்தில், ஒரே ஓடாவியிடம், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆளுக்கொரு லாஞ்சு கட்டினார்கள். ஓடாவி என்றால் எங்கள் பக்கத்தில் படகு கட்டும் தச்சர். மிக்கேல் ஓடாவி ஒரு கையால் பீடியைப் பிடித்துக்கொண்டே மறுகையால் ஆணி அடிக்கும் ஆள். அண்ணன் லாஞ்சு, தம்பி லாஞ்சு என்று வித்தியாசம் பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே மரம், ஒரே அளவு, ஒரே எஞ்சின். கட்டி முடித்தபோது பெரியப்பா தன் லாஞ்சின் முன்முனையான அணியத்தில் நீல எழுத்தில் 'ரோஸ்லின்' என்று எழுதினார். அப்பா ஏதோ நேர்ச்சை இருந்ததாகச் சொல்லி 'புனித அந்தோணியார்' என்று எழுதினார். புனித அந்தோணியார் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் தைரியம் இல்லாமல் நெடுநாள் வைத்திருந்தேன்.

பெயரோடு போயிருந்தால் சரி. தண்ணீருக்குள் இருக்கும் மரத்தின் மேல் தகடு அடிக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோதுதான் அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள்.

கடல் தண்ணீரில் நிற்கும் மரத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, மரத்தை உள்ளுக்குள் துளைத்துக்கொண்டே போகும் புழு. வெளியிலிருந்து பார்த்தால் ஊசி நுழைகிற ஓட்டைதான் தெரியும், உள்ளே பலகை சல்லடையாகிக் கிடக்கும். மற்றது, ஒட்டிக்கொண்டு வளரும் கூர்மையான சிப்பி, 'கொட்டலசு'. அது ஏறிவிட்டால் லாஞ்சு சுமை தூக்கியவன் நடப்பது போலத் திணறித்தான் ஓடும். செம்புத் தகடு அடித்தால் இரண்டுமே கிட்ட வராது. செம்பு கடலில் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும், அந்தக் கசிவு அந்தச் சின்ன உயிர்களுக்கு விஷம். பெரியப்பா வீட்டுத் தவலைக்கு ஈயம் தேய்ந்துபோனால் அதில் வைத்த மோர் பச்சையாகிக் 'களிம்பு' ஏறும் அல்லவா, அதே விஷம்தான். செம்பின் குணங்களில் எனக்குப் பிடித்தது அந்தக் களிம்பு ஒன்றுதான். ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவது தாமதமானால் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

பெரியப்பா யோசிக்கவே இல்லை, செம்புதான் என்றார். அவருக்குக் கை கொஞ்சம் தாராளம், பெரியம்மாவின் தம்பி கொழும்பில் கடை வைத்திருந்தார். அப்பாவுக்குக் கொழும்பில் யாரும் கிடையாது. ஆனால் மீன்வளத் துறையிலிருந்து ஓர் ஆபீசர் கடற்கரைக்கு வந்து, அலுமினியத் தகடும் அடிக்கலாம், செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, கொஞ்சம் மக்னீசியம் கலந்த தகடு உப்புத் தண்ணீருக்குத் தாங்கும், புழுவையும் உள்ளே விடாது, கொட்டலசு மட்டும் ஏறும், அதை அவ்வப்போது சுரண்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று விளக்கியிருந்தார். அவரைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் பீடி வாங்கிப் பற்றவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் நின்று கேட்டார். அப்பாவுக்கு அப்படி ஒரு குணம், புதிதாக யார் எதைச் சொன்னாலும் நின்று கேட்பார்.

தகடு வந்து இறங்கிய அன்று பெரியப்பா கடற்கரையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஏலே லூர்து, சோறு வடிக்கிற தகட்டக் கொண்டாந்து லாஞ்சுக்கு அடிக்கப் போறியா? கடலு என்ன ஒம் பொண்டாட்டி அடுப்படியால?"

"இது அந்தத் தகடு இல்லண்ணே. வேற சேத்துருக்கு."

"என்னத்தச் சேத்தாலும் சட்டி சட்டிதாம்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதோடு விடாமல் பெரியப்பா, தன் லாஞ்சுக்கு அடித்து மிஞ்சிய செம்பு ஆணிகளை ஒரு டப்பா நிறைய எடுத்து நீட்டினார். "இந்தா, ஆணியாவது செம்புல இருக்கட்டும், கொண்டுபோ" என்றார். அப்பா கையை நீட்டவில்லை. மிக்கேல் ஓடாவியிடம் திரும்பி, "ஓடாவி, செம்பு ஆணி ஒண்ணுகூட நம்ம தகட்டுல படக் கூடாது. அலுமினிய ஆணிதான்" என்று மெதுவாகச் சொன்னார்.

நான் அங்கேதான் நின்றேன். அப்பா ரோஷக்காரர், அண்ணன் கொடுத்ததை வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆபீசர் சொல்லிக்கொடுத்ததைத்தான் அப்பா சொன்னார் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. எங்கள் தெருவில் அண்ணன் தம்பிக்குள் இதெல்லாம் சகஜம். இந்த வீட்டுக் கருவாட்டை அந்த வீட்டில் வாங்க மாட்டார்கள், அந்த வீட்டு வள்ளத்தில் இந்த வீட்டு ஆள் ஏற மாட்டான். ஆணியிலும் அந்தச் சண்டைதான் என்று எடுத்துக்கொண்டேன். அந்த டப்பாவில் புது ஆணிகள் ரோஜா நிறத்தில் பளபளத்ததையும், அப்பா அதைத் தொடாமல் திரும்பியதையும் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வருஷம்தான் அறிவியல் டீச்சர், வீட்டிலிருந்து ஆளுக்கொரு உலோகம் கொண்டுவந்து அதன் பண்புகளையும் பயன்களையும் அட்டையில் எழுதச் சொன்னார். ரோஸ்லின் லாஞ்சுக்கு வெட்டியதில் மிஞ்சிய செம்புத் தகட்டைக் கொண்டுவந்தாள். நான் என்னத்தைக் கொண்டுபோவது? அப்பா வெட்டிப்போட்ட அலுமினியத் துண்டைத்தான். டீச்சருக்கு ஒரே கொண்டாட்டம். "ரெண்டு பேரும் முன்னால வாங்க, ஒப்பிட்டுப் பார்ப்போம்" என்று மேசைக்கு அழைத்துவிட்டார்.

இரண்டு தகட்டிலும் மெழுகால் ஒரு குண்டூசியை ஒட்டி, மறுமுனையை மெழுகுவர்த்தியில் காட்டச் சொன்னார். யார் ஊசி முதலில் விழுகிறதோ அந்த உலோகம் வெப்பத்தை வேகமாகக் கடத்துகிறது என்று அர்த்தம். என் தகட்டைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த எல்லாப் புனிதர்களையும் வேண்டினேன். அவள் ஊசி விழுந்து, எண்ணி ஐந்து நொடிக்குப் பிறகுதான் என் ஊசி விழுந்தது. பிறகு மின்சாரம். அதிலும் செம்பு முதல். கம்பியாக நீட்டினால்? செம்பு. நிறம்? கேட்கவே வேண்டாம். எடையில் மட்டும் நான் ஜெயித்தேன். இரண்டு தகட்டையும் வகுப்பில் கைமாற்றிக் கொடுத்தார்கள், அலுமினியத்தைத் தூக்கிப் பார்த்தவர்கள் "ஐயோ, பேப்பர் மாரி இருக்கு" என்றார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் நல்லவர். அலுமினியத்தைத் தாழ்த்தாமல், ஆகாய விமானம் இதில்தான் செய்கிறார்கள், தெருவில் கம்பத்துக்குக் கம்பம் போகும் கரண்டுக் கம்பிகூட இப்போது இதுதான், எடை குறைவு என்பதால் கம்பம் தாங்குகிறது என்றெல்லாம் சொன்னார். காற்றுப் பட்டவுடன் அலுமினியம் தன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கொள்ளும், அந்தத் தோல்தான் அதைக் காப்பாற்றுகிறது என்றும் சொன்னார். கடைசியில் ரோஸ்லின் கையைத் தூக்கி, "டீச்சர், ஏரோப்ளேனுக்கு உள்ள இருக்க ஒயரு செம்புதான?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுக்குக் கெட்ட எண்ணமே வராது, அதுதான் எனக்கு அவளிடம் இருந்த பெரிய குறை. வகுப்பு கைதட்டியது.

அவள் அந்தச் செம்புத் தகட்டில் ஓரத்தை வெட்டி எனக்கு ஒரு மோதிரம் வளைத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் போட்டேன், விரலில் பச்சை பிடித்தது. அதை அம்மாவிடம் காட்டி, "பாரும்மா, அவ விஷத்தக் குடுத்துட்டா" என்று சொல்லி அடி வாங்கினேன்.

மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னால் லாஞ்சுகளைக் கரையேற்றி, ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துச் சுத்தம் செய்வது வழக்கம். இரண்டு லாஞ்சும் மணலில் அருகருகே சாய்ந்து கிடந்தன. 'ரோஸ்லின்' அடிவயிறு, கொட்டலசு ஒன்றுகூட இல்லாமல், சில இடங்களில் பச்சையும் சில இடங்களில் சிவப்புமாகக் கிடந்தது. எங்கள் லாஞ்சின் வெள்ளைத் தகட்டில் ஏறியிருந்த கொட்டலசை அப்பாவும் ஓடாவியும் மூன்று நாள் சுரண்டினார்கள். ரோஸ்லின் தன் லாஞ்சின் நிழலில் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் இரண்டு கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஆண்கள் எல்லாம் சாப்பிட்டுப் படுத்த நேரம். கடற்கரையில் நாய்கூட இல்லை. பெரியப்பாவின் லாஞ்சில் ஒரு தகட்டை மாற்றியிருந்தார்கள், அதன் அடியில் மணலில் செம்பு ஆணிகள் சிதறிக் கிடந்தன. பொறுக்கினேன். எண்ணிப் பார்த்தேன், பதினேழு. திருட்டு என்று தோன்றவில்லை, மணலில் கிடந்ததுதானே. ஓடாவியின் சுத்தியல் எங்கள் லாஞ்சின் நிழலில் கிடந்தது.

அவள் பெயர் ஊருக்கே தெரிகிற மாதிரி அணியத்தில் இருக்கிறது. என் பெயர் தண்ணீருக்கு அடியிலாவது இருக்கட்டும். அதுவும் செம்பில். என் பெயர் பவுலின். முழுப் பெயருக்கு ஆணி காணாது. முதல் எழுத்துக்குப் போதும். தமிழில் 'ப' அளவுக்கு ஆணி அடிக்கச் சுலபமான எழுத்து வேறு இல்லை, மூன்று நேர்கோடு. அடிக்கட்டைக்குப் பக்கத்தில், முழங்காலிட்டுக் குனிந்தால்தான் தெரிகிற இடமாகப் பார்த்து, முதலில் ஓர் இரும்பு ஆணியால் தகட்டில் குத்தி, அந்தக் குத்தில் செம்பு ஆணியை வைத்து ஒவ்வொன்றாக அடித்தேன். அலுமினியம் எவ்வளவு சாது என்பது அப்போதுதான் கையில் தெரிந்தது, எதிர்க்கவே இல்லை. வெள்ளைத் தகட்டில் சிவப்பாக ஒரு 'ப', என் உள்ளங்கை அகலத்தில். இனி எங்களிடமும் செம்பு இருக்கிறது. ஈரமணலைக் குழைத்து அதன் மேல் அப்பிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மறுநாள் விடியற்காலையில் லாஞ்சைக் கடலில் தள்ளிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால்தான் மனசு அடித்துக்கொள்கிறது, ஏனென்றால் அலுமினியம் ஜெயித்துக்கொண்டிருந்தது. உடம்பு லேசான எங்கள் லாஞ்சு கொட்டலசைச் சுரண்டிய கையோடு ஓடிய ஓட்டத்தில், மாலையில் கரை திரும்பும்போது 'ரோஸ்லினை' முந்திக்கொண்டு வந்தது. முதலில் வரும் லாஞ்சின் மீனுக்குத்தான் ஏலத்தில் கூட்டம் கூடும். அப்பா அலட்டிக்கொள்ளவில்லை, ஆனால் நடையில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. சிரித்தவர்களில் இரண்டு பேர், தாங்களும் அலுமினியமே அடிக்கலாமா என்று அப்பாவிடம் வந்து விசாரித்தார்கள். வேம்பாரிலிருந்துகூட ஒருவர் பஸ் ஏறி வந்து லாஞ்சைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அப்பா அவர்களுக்கெல்லாம் ஆபீசர் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பித்தார். அம்மா சொல்வாள், "ஒங்க அப்பா பேசுதத இப்பதான் நாலு பேரு நின்னு கேக்கான்." பெரியப்பா அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் வாழ்க்கையில் ரோஸ்லினைப் பார்த்து நான் பொறாமைப்படாமல் இருந்தது அந்தச் சில மாதங்கள்தான். சனிக்கிழமை காலையில்கூடத் தலைநிமிர்ந்தே நடந்தேன்.

பங்குனியில் ஒருநாள் எங்கள் லாஞ்சு நேரத்துக்குக் கரைக்கு வரவில்லை. எல்லா லாஞ்சும் வந்து ஏலம் முடிந்து, வெயில் சாய்ந்த பிறகு, அப்பாவும் கூடப் போன இரண்டு பேரும் மாற்றி மாற்றி வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே லாஞ்சைக் கொண்டுவந்து மணலில் ஏற்றினார்கள். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். ஊரே கூடிவிட்டது. பெரியப்பாவும் வந்தார். லாஞ்சை இழுத்துச் சாய்த்தார்கள்.

அடிப்பகுதியைப் பார்க்க அப்பாதான் முதலில் முழங்காலிட்டுக் குனிந்தார். நான் கூட்டத்துக்குள் புகுந்து அவருக்குப் பின்னால் போய்விட்டேன்.

செம்பு ஆணிகள் பதினேழும் அப்படியே இருந்தன, பலகையில் இறுகி, சேதமில்லாமல். அவற்றைச் சுற்றி அலுமினியம்தான் இல்லை. ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் தகடு வெள்ளை மாவாகக் கரைந்து, ஓட்டைக்கு ஓட்டை சேர்ந்து, விரல் அகலத்துக்கு ஒரு 'ப' தகட்டில் திறந்து கிடந்தது. அந்தத் திறப்புக்குள் தெரிந்த பலகை முழுக்கப் புழுத் துளை. கடல் தண்ணீருக்குள் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நின்றால், பாட்டரிக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும், அலுமினியம் தன்னைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்துவிடும், செம்புக்கு ஒன்றும் ஆகாது. இதைப் பின்னால் கல்லூரியில் படித்தபோது, இதிலும் செம்புக்குத்தான் ஜெயமா என்று வாய்விட்டுச் சொல்லி லெக்சரரிடம் திட்டு வாங்கினேன்.

அப்பா அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் 'ப'வில் பெயர் தொடங்குகிறவள் நான் ஒருத்திதான். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கட்டைவிரலால் ஓர் ஆணித்தலையைத் தடவினார், அவ்வளவுதான்.

"என்னல, என்னத்தப் பாத்துட்டே இருக்க?" என்று பெரியப்பா மேலே இருந்து கேட்டார்.

அப்பா இடுப்புக் கத்தியை உருவி, அந்த 'ப'வைச் சுற்றியிருந்த தகட்டை நெம்பிக் கிழித்து எடுத்தார். நைந்துபோன தகடு கையோடு வந்தது. ஆணிகளைக் கத்தி முனையால் பிடுங்கிப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டார். கிழிந்த தகட்டை நாலாக மடித்துக் காலுக்கடியில் போட்டு மிதித்தார். எழுந்து நின்றபோது முழங்காலில் மணல் ஒட்டியிருந்தது.

"தகடு தாங்கல" என்றார். "நீ சொன்னதுதாண்ணே சரி."

பெரியப்பா அப்பாவின் தோளில் கையைப் போட்டார். பிறகு, அவருக்கே உரிய பெரிய குரலில், "சரில, விடு. செம்புத் தகடு நாந் தாரேன். அண்ணன் எதுக்கு இருக்கேன்?" என்றார். கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். அலுமினியம் அடிக்கலாம் என்று நினைத்திருந்த இரண்டு பேரும், நல்லவேளை தப்பித்தோம் என்று அங்கேயே சொல்லிக்கொண்டார்கள். மிக்கேல் ஓடாவி மட்டும் பலகையில் இருந்த ஆணித் துளைகளைக் குனிந்து பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை லேசாக ஆட்டினார். ஓடாவி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. வாயைத் திறந்தால் போதும். ரோஸ்லின் என் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்திருந்தாள். அவள் முன்னால் என் அசிங்கம் தெரிந்துவிடுமே என்ற ஒரே எண்ணத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்பாவைப் பற்றி அந்த நிமிஷத்தில் நான் நினைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா திட்டவில்லை. மறுநாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர், கண்ணாடியைப் பார்த்தபடியே, "ஏளா, செம்பையும் அலுமினியத்தையும் உப்புத் தண்ணியில சேத்து வைக்கக் கூடாது. ரெண்டும் தனித்தனியா நல்லதுதான்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிச் சாகும்வரை என்னிடம் பேசவில்லை.

பெரியப்பா சொன்னபடி செம்புத் தகடு கொடுத்தார். திருவிழாவுக்குள் எங்கள் லாஞ்சும் அடியில் சிவப்பாகிவிட்டது. நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டது. ரோஸ்லின் என்னை இழுத்துக்கொண்டு போய் அதைக் காட்டி, "பாத்தியாளா, இப்ப ரெண்டும் ஒண்ணு போல!" என்று குதித்தாள். நான் போய்ச் சுவர் ஓரமாக வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

எங்கள் லாஞ்சு அதற்குப் பிறகு 'ரோஸ்லினை' முந்தவே இல்லை. புதிதாக யாராவது எதையாவது சொன்னால் நின்று கேட்கிற வழக்கத்தை அப்பா விட்டுவிட்டார். பெரியப்பா கல்யாண வீடுகளில் இலையில் உட்கார்ந்தால், "எந் தம்பி அலுமினியச் சட்டில கடலுக்குப் போனவம்ல" என்று ஆரம்பிப்பார், பந்தியே சிரிக்கும். கெட்ட மனதோடு சொன்னதில்லை, தம்பி மேல் உள்ள வாஞ்சையில்தான் சொல்வார். அப்பாவும் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரிப்பார். நான் பரிமாறுகிறவர்களிடம் ரசம் கேட்பதுபோல எழுந்துவிடுவேன். பங்குசாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், அருள் நிறைந்த மரியே ஜெபம் ஐம்பது சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். அது கடவுளுக்கும் எனக்கும் உள்ள கணக்கு, கடற்கரைக்கு அதில் சம்பந்தமில்லை.

போன வருஷம் ரோஸ்லின் ஊருக்கு வந்திருந்தாள். இப்போதும் அவள் முடி என்னுடையதைவிட அடர்த்தி. மாலையில் இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். மர லாஞ்சு ஒன்றையும் காணோம். எல்லாம் பைபர், இல்லாவிட்டால் இரும்பு. ஓடாவி என்று கேட்டால் அங்கே மீன் வாங்க வந்திருந்த பிள்ளைகளுக்குப் புரியவில்லை. செம்பா அலுமினியமா என்று சண்டை போட அந்தக் கரையில் இனி யாருக்கும் அவசியமில்லை. ரோஸ்லின் சிரித்துக்கொண்டே, "சித்தப்பா மட்டும் அலுமினியத்த நம்பி ஏமாறாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"அவரு ஏமாறல" என்றேன். அங்கேயே மணலில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன், அவளைப் பார்த்து எரிந்ததிலிருந்து பதினேழு ஆணிவரை. கோபித்துக்கொள்வாள், அல்லது மன்னித்துவிட்டதாகச் சொல்லி மறுபடியும் என்னைவிட ஒரு படி மேலே போய் நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். கரையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள்.

"அப்ப சித்தப்பா சொன்னதுதான் சரியா?"

"சரிதான்."

"இத இனி யாருட்டளா போய்ச் சொல்ல?" என்றாள். "எங்க அப்பா இல்ல, ஓடாவி இல்ல, அன்னைக்குச் சிரிச்சவங்க ஒருத்தரும் இல்லியே."

ஐம்பது வருஷமாக இதை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தவள் நான். என்னைப் பற்றி, என் பாவத்தைப் பற்றி, என் வெட்கத்தைப் பற்றி எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அப்பாவின் பேரை யாரிடம் போய்த் திருத்துவது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அதுவும் அவளுக்குத்தான் தோன்றியது.